பம்ப் சர்வீஸுக்குப் பிறகு வெள்ளைப் புகை: டைமிங்கைத் தொடலாமா?

ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்றி குமுளிக்கு ஓட்டும் ஒருவர் கேட்கிறார்: "2003 மாடல் டீசல் பிக்கப். போன மாதம் டீசல் பம்பை இறக்கி சர்வீஸ் செய்து மாட்டினோம். அதிலிருந்து காலையில் ஸ்டார்ட் ஆக நேரமாகிறது, வெள்ளைப் புகை, லோயர் கேம்ப் ஏற்றத்தில் இழுவையே இல்லை. மெக்கானிக் 'பம்பைக் கொஞ்சம் அட்வான்ஸ் வைத்தால் சரியாகிவிடும்' என்கிறார். நானே செய்யலாமா?"

செய்யலாம். அட்வான்ஸ் என்றால் டீசல் சிலிண்டருக்குள் சற்று முன்கூட்டியே பாயும்படி வைப்பது. ஆனால் அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று அளக்காமல் ஸ்பேனரை எடுக்காதீர்கள்.

பம்ப் டைமிங், அதாவது டீசல் பாயும் நேரம், தானாக நகர்வது அபூர்வம். ஃப்ளாஞ்ச் நட் தளர்ந்திருக்கும், கியரை ஷாஃப்டில் பூட்டும் சாவி தேய்ந்திருக்கும், இல்லையென்றால் யாரோ கழற்றி மாட்டியிருப்பார்கள். உங்கள் வண்டியில் மூன்றாவது நடந்திருக்கிறது என்பதால் சந்தேகம் நியாயம்தான். இருந்தாலும் புகையை முதலில் முகர்ந்து பாருங்கள். கண் எரிந்து பச்சை டீசல் வாடை அடித்தால் எரியாத டீசல். இனிப்பு வாடை, கூடவே ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும், பம்பை அல்ல. லைனில் காற்று இழுத்தாலும், வால்வு இடைவெளி தவறியிருந்தாலும் இதே தொல்லை வரும். அரை மணி நேர வேலை, அவற்றை முதலில் முடியுங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தில் நான்கு பைப்பும் பம்பின் தலையில் ஒரே வரிசையில் நிற்கின்றன. அதாவது இன்லைன் பம்ப். பைப்புகள் வட்டமாக வரும் ரோட்டரி பம்பாக இருந்தால் பின்பக்கம் டயல் கேஜ் மாட்டி அளக்க வேண்டும், அது வேறு முறை. இன்லைனுக்கு ஸ்பில் டைமிங் போதும். அதன் சூட்சுமம் எளியது. பம்புக்குள் டீசலைத் தள்ளும் தண்டான பிளங்கர் மேலே ஏறி, டீசல் உள்ளே வரும் துளையை மூடும் நொடியில்தான் அழுத்தம் தொடங்குகிறது. அந்த நொடியில் க்ராங்க், பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை டிகிரி முன்னால் நிற்கிறது என்று பார்க்கிறோம், அவ்வளவுதான்.

பேட்டரி எர்த்தைக் கழற்றுங்கள். பம்ப் ஃப்ளாஞ்சும் இன்ஜின் உடம்பும் சேரும் இடத்தில் கூரான ஊசியால் ஒரு கோடு கிழியுங்கள். என்ன குளறுபடி ஆனாலும் திரும்பி வர அந்தக் கோடு வேண்டும். பம்பைச் சுற்றி நன்றாகக் கழுவிவிட்டு முதல் சிலிண்டரின் பைப்பைக் கழற்றி, டெலிவரி வால்வு ஹோல்டரைத் திறந்து, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கையும் வால்வையும் எடுத்து சுத்தமான டீசலில் போட்டு வையுங்கள். ஹோல்டரைத் திரும்ப மாட்டி, அதன் மேல் வளைந்த குழாய் ஒன்றை வையுங்கள். பழைய நாசில் பைப்பை அறுத்து வளைத்தாலே ஆயிற்று.

இப்போது ஆக்சிலேட்டர் லீவர் முழுக்கத் திறந்த நிலையில் இருக்க வேண்டும், ஸ்டாப் லீவர் இழுபட்டிருக்கக் கூடாது. இதை மறந்தவர்கள்தான் "எவ்வளவு சுற்றினாலும் ஒழுகிக்கொண்டே இருக்கிறது" என்று புலம்புவார்கள். ஸ்டாப்பில் பிளங்கரின் நெட்டுக்குத்தான வெட்டு துளைக்கு நேராக நிற்கும், டீசல் நிற்கவே நிற்காது.

முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில் மேலேறி வர வேண்டும். முதல் சிலிண்டரின் வால்வுகளை அழுத்தும் இரண்டு ராக்கரும் கையில் லேசாக ஆடி, நான்காவதன் வால்வுகள் ஒன்று மூட ஒன்று திறக்கும் நிலையில் இருந்தால் சரி. ஒருவர் கைப்பம்பை அடிக்க, மற்றவர் க்ராங்கை ஓடும் திசையில் மெதுவாகச் சுற்றட்டும். வளைகுழாயில் டீசல் நூலாக விழும். அது அறுந்து சொட்டுச் சொட்டாக மாறும் இடத்தில் நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் அங்கேயே பின்னால் இழுக்காதீர்கள், கியர் பற்களுக்கு நடுவே உள்ள ஆட்டம் கணக்கைக் கெடுத்துவிடும். கால் சுற்று பின்னே போய், மறுபடி முன்னே வாருங்கள்.

இனி ஃப்ளைவீல் குறியைப் படியுங்கள். டிகிரிக் குறி அழிந்து டி.டி.சி. (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) குறி மட்டும் தெரிந்தால் புல்லியில் அளக்கலாம்: 160 மி.மீ. விட்டமுள்ள புல்லிக்குச் சுற்றளவு சுமார் 503 மி.மீ., ஆகவே டிகிரிக்கு 1.4 மி.மீ. சரியான டிகிரி உங்கள் இன்ஜினின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். பக்கத்து வண்டிக்காரர் சொல்லும் எண் வேண்டாம், மாடலுக்கு மாடல் மாறும்.

புத்தகம் 16 என்கிறது, உங்களுக்கு 11 வருகிறது என்று வையுங்கள். லேட். க்ராங்கை 16-இல் நிறுத்தினால் டீசல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். நான்கு பைப்பையும் தளர்த்தி, பம்ப் நட்டுகளையும் கை அசையும் அளவுக்குத் தளர்த்தி, பம்பின் உடம்பை அதன் ஷாஃப்ட் சுற்றும் திசைக்கு எதிராக, ஓட்டம் சொட்டாகும் வரை திருப்புங்கள். அதுதான் அட்வான்ஸ். நகர்வு மிகச் சிறியது. ஷாஃப்ட் மையத்திலிருந்து 50 மி.மீ. தள்ளி ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் பம்பில் ஒரு டிகிரிக்குச் சற்று மேல். பம்ப் க்ராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் க்ராங்கில் அது இரண்டு டிகிரியைத் தாண்டும். காதை வைத்து 'கொஞ்சம்' திருப்புவது எங்கே கொண்டுபோய் விடும் என்று பாருங்கள். நட்டை முறுக்கி, க்ராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றி மறுபடி அளக்க வேண்டும். முறுக்கும்போதே பம்ப் நகர்ந்திருக்கும்.

பம்ப் நட்டுகள் நகரும் நீள்துளையின் கடைசி வரை திருப்பியும் போதவில்லையா? மாட்டும்போது கியரில் பல் தவறியிருக்கிறது. 50 பல் உள்ள பம்ப் கியரில் ஒரு பல் தவறினால் க்ராங்கில் 14.4 டிகிரி. அதைப் பம்பைத் திருப்பிச் சமாளிக்க முடியாது, கழற்றி குறியோடு குறி சேர்த்துத்தான் மாட்ட வேண்டும்.

டெலிவரி வால்வைத் திரும்பப் போடுவதில் ஓர் எச்சரிக்கை. தொழில் பழகும் வயதில் நான் ஹோல்டரை வெறி பிடித்தவன் மாதிரி முறுக்கிவிட்டேன். பிளங்கர் ஓடும் எலிமெண்ட் நெளிந்து, டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் முழு டீசலில் சிக்கிக்கொண்டது. ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் அலறி ஏறியது, சாவியைத் திருப்பியும் நிற்கவில்லை. முதலாளி ஏர் கிளீனர் ஹோஸைப் பிடுங்கி, இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயின் வாயில் பலகையை அழுத்தி நிறுத்தினார். அன்று வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. டார்க் ரெஞ்சில் புத்தகம் சொல்லும் அளவு மட்டும் முறுக்குங்கள், ரேக் தடையில்லாமல் ஓடுகிறதா என்று பாருங்கள், முதல் ஸ்டார்ட்டின்போது பக்கத்தில் பலகையோடு ஒருவர் நிற்கட்டும். துணி வேண்டாம், உள்ளே இழுத்துக்கொள்ளும்.

டீசல் லைனில் உள்ள காற்றை வெளியேற்றி ஓடவிட்ட பிறகு, ஒழுகும் பைப்பைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். போய்விட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இழுவை நன்றாக இருக்கிறதே என்று இன்னும் இரண்டு டிகிரி ஏற்ற ஆசை வரும். ஏற்றத்தில் இரண்டு நாள் சுகமாக இருக்கும், அப்புறம் டக் டக் சத்தம், சூடு, ஹெட் கேஸ்கெட் செலவு. முதல் அளவிலேயே புத்தக எண் வந்துவிட்டதென்றால் பம்பைத் தொடாதீர்கள். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நான்கு நாசிலையும் கழற்றி டெஸ்டரில் அழுத்தம் பார்க்கக் கொடுங்கள்.