ஊத்தங்கரை வெள்ளைக் களிமண்: கையெழுத்துக்கு அவசரப்படாதீர்கள்

கிணறு வெட்டும்போது 12 அடியில் வெள்ளைக் களிமண் வந்தது, அதில் அரிய மண் தனிமம் (காந்தம், மின்னணுப் பொருள்களுக்குப் பயன்படும் உலோக வகை) இருப்பதாகச் சொல்லித் தரகர் ஒருவர் ஒப்பந்தம் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

நம் பக்கத்து நைஸ் பாறையில் உள்ள பெல்ட்ஸ்பார் என்ற கனிமம் சிதைந்தாலே வெள்ளைக் களிமண்தான். எலுமிச்சைச் சாறு விட்டு நுரைத்தால் சுண்ணாம்பு கலந்த சுக்கான் கல்லாக இருக்கலாம்.

தரகர் சொல்வது முழுக் கட்டுக்கதையும் அல்ல. தென்சீனத்தில் ஜியாங்ஷி பக்கம் களிமண்ணிலிருந்துதான் டிஸ்ப்ரோசியம் என்ற அரிய மண் தனிமத்தை எடுக்கிறார்கள். ஆனால் அங்கே அது களிமண் துகள்மேல் லேசாக ஒட்டியிருக்கிறது. அம்மோனியம் சல்பேட் கரைசல் பட்டாலே கழன்றுவிடும். மோனசைட் என்ற கனிமத்தின் மணிக்குள் அடைபட்டிருந்தால் அப்படி வராது. அதனால் ஆய்வகத்தில், தனிமங்களின் அளவைக் காட்டும் ஐசிபி-எம்எஸ் சோதனையில் மொத்த அளவு மட்டும் கேட்காதீர்கள், கரைசலில் எவ்வளவு இறங்குகிறது என்றும் கேளுங்கள். மாதிரியை ஆழம் குறித்து நீங்களே எடுங்கள். தரகர் கொண்டுபோகும் மண் எந்த ஊர் மண்ணோ!

பக்கத்துச் சாமல்பட்டியில் அரிய மண் தனிமங்கள் இருக்கக்கூடிய கார்பனடைட் பாறை இருப்பது உண்மைதான், ஆனால் அது உங்கள் கிணற்றுக்குச் சான்றாகாது. அப்புறம், 2023 கனிமச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இந்தக் கனிமங்களை ஏலம் விடுவது மத்திய அரசு. தரகரின் பத்திரத்தால் தோண்டும் உரிமை வராது.