மௌசுக்கு அடியில் ஒரு கைக்கடிகாரம்

வணக்கம் மேடம்,

எனக்கு வயது 38. நான் இருந்த புராஜெக்டைக் கம்பெனி கைவிட்டு ஒன்றரை வருடமாகிறது. என்னை வேறு எதிலும் சேர்க்கவில்லை. சம்பளம் மட்டும் மாதம் தவறாமல் வருகிறது, அதுவும் நல்ல சம்பளம். வாரம் ஒரு மீட்டிங், இரண்டு மெயில், அவ்வளவுதான். வீட்டிலிருந்தே வேலை. ஐந்து நிமிடம் மௌஸ் அசையாவிட்டால், ஆபீஸ் சாட்டில் நான் வேலையில் இருப்பதாகக் காட்டும், என் பெயருக்குப் பக்கத்திலுள்ள பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும். அதனால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மௌசுக்கு அடியில் வைத்திருக்கிறேன். விநாடி முள் சுற்றச் சுற்ற, திரையில் அம்புக்குறி துடிக்கும்.

நண்பனிடம் புலம்பினால், 'கொடுத்து வைத்தவன்டா நீ' என்கிறான். ஆனால் சாயங்காலமானால் மூட்டை தூக்கியது போல அசதி. 'இன்றைக்கு வேலை அதிகமா?' என்று மனைவி கேட்கும்போது கூசுகிறது. இது திமிரா, நோயா?

அன்புள்ள நண்பருக்கு,

திமிர் இல்லை. மருத்துவப் பட்டியலில் தனி நோயாகவும் இல்லை. வேலை அதிகமாகி நொந்துபோவதை 'பர்ன் அவுட்' என்கிறோம். வேலையே இல்லாமல் நொந்துபோவதற்கு, சுவிட்சர்லாந்தின் இரண்டு ஆலோசகர்கள் 2007-இல் 'போர் அவுட்' (bore out, 'போர் அடிக்கிறது' என்கிறோமே, அந்தப் போர்) என்று பெயர் வைத்தார்கள்.

சும்மா இருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. 2014-இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வில், ஆட்களை 15 நிமிடம் தனியறையில் வெறுமனே உட்காரவைத்தார்கள். பக்கத்தில் ஷாக் கொடுக்கும் ஒரு பொத்தான். காசு கொடுத்தாவது அந்த ஷாக்கைத் தவிர்ப்போம் என்று முன்பே சொன்னவர்கள்தான். அப்படியும் 18 ஆண்களில் 12 பேர், 24 பெண்களில் 6 பேர் அழுத்திவிட்டார்கள். உங்களுக்கு ஒன்றரை வருடம்!

ஆனாலும் அந்தக் கடிகாரம்தான் என்னை உறுத்துகிறது. உங்கள் அசதி அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். நாள் முழுக்க ஒரு பச்சைப் புள்ளிக்குக் காவல் இருக்கிறீர்களே.

அவசரப்பட்டு ராஜினாமா செய்ய வேண்டாம். முதலில் மனைவியிடம் கடிகாரக் கதையைச் சொல்லுங்கள். சிரித்தாலும் சிரிப்பார், நல்லதுதான். அப்புறம் மேலாளர். 'எனக்கு வேலையே இல்லை' என்று போய் நின்றால் உங்கள் இடத்துக்கே ஆபத்து வரலாம். அந்தப் பயம் நியாயமானது. அதனால் பக்கத்து டீமில் இழுத்துக்கொண்டு கிடக்கும் ஒரு வேலையைப் பார்த்துவைத்து, 'இதை நான் எடுத்துக்கொள்ளட்டுமா?' என்று கேளுங்கள். ஆறு மாதத்தில் ஒன்றும் நகராவிட்டால் வெளியே தேடுங்கள். கை துருப்பிடித்த பிறகு நேர்முகத் தேர்வுக்குப் போவது கஷ்டம்.

விடுமுறை நாளிலும் எதிலும் மனம் ஒட்டவில்லை, தூக்கமும் கெடுகிறது, இரண்டு வாரத்துக்கு மேல் இதே நிலை என்றால் அது வேறு விஷயம். மனநல மருத்துவரை நேரில் பாருங்கள்.