சஃபாரியில் வாகனத்தை நோக்கிப் பாய்ந்துவரும் யானை பாதியிலேயே நின்றுவிடுவது ஏன்?

மோதும் எண்ணமின்றி, எதிரில் இருப்பவரை விலகச் செய்வதற்காக மட்டுமே யானை ஓடிவருவதைப் பொய்த் தாக்குதல் என்பார்கள். உண்மையாக மோதினால், 6 டன் வரை எடையுள்ள ஆப்பிரிக்க ஆண் யானைக்கும் தந்தம் முறியலாம், காயம் படலாம். ஆகவே மிரட்டியே காரியத்தை முடிக்கப் பார்க்கிறது. வீட்டு நாய் குரைத்தபடி பாய்ந்து வந்து வாசலிலேயே நின்றுவிடுவதைப் போன்றது இது.

காதுகளை அகல விரித்து, தலையை உயர்த்தி, புழுதி பறக்கப் பிளிறிக்கொண்டு வந்து, சட்டென்று நின்ற பிறகு, அது முன்னங்காலை ஊசலாட்டியபடி துதிக்கை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தால், அடுத்து என்ன செய்வதென்று தயங்குகிறது என்று பொருள். என்னைக் கேட்டால், பாய்ச்சலைவிடக் கூர்ந்து பார்க்க வேண்டியது இந்தத் தயக்கத்தைத்தான்.

காது விரிந்திருந்தால் ஆபத்தே இல்லை என்று பலர் நம்புவது தவறு; விரிந்த காதுகளோடு வந்து உண்மையாகவே மோதும் யானைகளும் உண்டு.