வானொலி நேர்காணல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

*எழுத்தாளரிடம் "உங்கள் நூலைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் முன்னுரையையே ஒப்பிக்கிறார். 28 நிமிட நிகழ்ச்சியில் பத்து நிமிடம் அதிலேயே போய்விடுகிறது. என்ன செய்வது?*
– வாசகர், ஹட்டன்

குறை கேள்வியில்தான் இருக்கிறது. அப்படிக் கேட்டால் வெளியீட்டு விழாவில் பேசியதைத்தான் யாரும் திரும்பப் பேசுவார்கள். நூலை முழுவதும் படித்துவிட்டுப் போங்கள். பின்னட்டையை மட்டும் பார்த்துவிட்டு வந்தவரை எழுத்தாளர் இரண்டாவது கேள்வியிலேயே கண்டுகொள்வார். முதற்கேள்வி நூலில் நடக்கும் ஒரு காரியத்தைத் தொட வேண்டும். கதையில் ஒரு பெண் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசைப் பார்க்காமலே திரும்பிப் போகிறாள் என்றால், "அவள் ஏன் தராசைப் பார்க்கவில்லை?" என்று கேளுங்கள். மனப்பாடமாக அதற்குப் பதில் இருக்காது, யோசித்துத்தான் சொல்லியாக வேண்டும். நூலைப் படிக்காத நேயருக்கும் ஒரு காட்சி கிடைத்துவிடும்.

28 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்: அறிமுகத்துக்கு 1, ஒன்றரை நிமிட வாசிப்பு இரண்டுக்கு 3, பாடலுக்கு 4, பேச்சுக்கு 20. ஒரு பதில் இரண்டு மூன்று நிமிடம் ஓடும். ஆகவே ஏழு கேள்விகள் போதும். கையில் பத்து வைத்திருங்கள். கேள்விகளை முன்கூட்டியே அனுப்பாதீர்கள், பதிலை எழுதிவந்து வாசிப்பார். தலைப்புகளை மட்டும் அனுப்புங்கள். வாசிக்கும் பகுதியைத் தனித்தாள்களில் பிரதி எடுத்து, பின் அடிக்காமல் கொடுங்கள். புத்தகத்தைப் புரட்டும் சத்தம் ஒலிவாங்கியில் பெரிதாக விழும்.

ஒரே மூச்சில் இரண்டு கேள்வி கேட்டால் எளிதானதற்கு மட்டும் பதில் வரும். அவர் பேசும்போது "ம்", "ஆமாம்" என்று சொல்லாமல் தலையை அசையுங்கள். பதில் முடிந்தது போலத் தெரிந்தாலும் மனதுக்குள் மூன்று வரை எண்ணுங்கள். நல்ல பேச்சு பல வேளை அந்த இடைவெளிக்குப் பிறகுதான் வருகிறது.

ஏழெட்டு நிமிடத்துக்கு ஒருமுறை விருந்தினர் பெயரையும் நூலின் பெயரையும் சொல்லுங்கள். பண்பலை அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது, மலை குறுக்கிட்டால் மறைந்துவிடும். பஸ்ஸில் கேட்பவருக்கு ஒரு வளைவில் விட்டுப்போனது அடுத்த வளைவில் திரும்ப வரும்போது, பேசுவது யாரென்று தெரிய வேண்டும்.

*கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவரை லயத்திலேயே (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டிலேயே) வைத்துப் பதிவு செய்தேன். குகைக்குள் பேசியது போல எதிரொலிக்கிறது, நடுவில் மழையும் பிடித்துக்கொண்டது.*
– வாசகி, மஸ்கெலியா

எதிரொலிக்குக் காரணம் சீமெந்துத் தரையும் வெறுஞ்சுவரும் தகரமும். காம்பராவில் (லய அறையில்) கட்டிலும் துணிமணிகளும் இருக்கும் மூலையில் அவரை உட்காரவைத்து, பின்சுவரில் தடித்த கம்பளி ஒன்றைத் தொங்கவிடுங்கள். முன்பக்கம் மட்டும் கேட்கும் டைனமிக் ஒலிவாங்கியை வாயிலிருந்து 15 சென்டிமீற்றரில், நேரே பிடிக்காமல் சற்றுப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேரே பிடித்தால் ஒவ்வொரு 'ப'வுக்கும் காற்று இடிக்கும். எதிரொலியைக் குறைப்பதில் இந்தக் கிட்டத்துக்கு ஈடான கருவி கிடையாது. ஒலி மட்டம் உச்சத்தில் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் போதும். அளவுகோலின் உச்சமான பூச்சியத்தைத் தாண்டி உடைந்த குரலை எந்த மென்பொருளாலும் பழையபடி ஆக்க முடியாது. 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், ஒற்றைத்தடத்தில் ஒரு மணி நேரம் ஏறக்குறைய 520 மெகாபைட் எடுக்கும். அட்டையில் இடம் இருக்கிறதா என்று புறப்படும் முன்பே பாருங்கள்.

தகரத்து மழையைப் பின்னால் நீக்க முடியாது. குரல் இருக்கும் அதிர்வெண்களிலேயே அந்த இரைச்சலும் இருப்பதால், மழையை வெட்டினால் குரலும் சேர்ந்து சிதையும். ஒலிவாங்கியைக் கீழே வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துக் காத்திருங்கள். குளிரிலிருந்து அடுப்படிச் சூட்டுக்குள் போனதும் கருவியைப் பையிலிருந்து எடுக்காதீர்கள், ஈரம் படியும். கால் மணி நேரமாவது விடுங்கள். இரு பக்கத்து வீட்டாரிடமும் தொலைக்காட்சியைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். முடிவில் யாரும் பேசாமல் அரை நிமிடம் அந்த இடத்தின் ஓசையைப் பதிந்தால், வெட்டி ஒட்டும்போது இணைப்புத் தெரியாது.

இதற்கெல்லாம் முந்திய ஒன்று, நாள். வேலை நாளில் அழைத்தால் அவருக்குப் பேர் (அன்று வேலை செய்ததற்கான பதிவு) போகும், அன்றைய சம்பளமும் போகும். ஞாயிற்றுக்கிழமை போங்கள். கலையகத்துக்கு வரச்சொன்னால் பஸ் காசை நிலையம் கொடுக்கட்டும்.

*1964 இலங்கை–இந்திய ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியா போன குடும்பத்து எழுத்தாளர் ஒருவர் கோத்தகிரியில் இருக்கிறார். வட்ஸ்அப் அழைப்பைப் பதிவு செய்தால் குரல் விட்டுவிட்டு வருகிறது.*
– வாசகர், பண்டாரவளை

அழைப்பைப் பேசுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். அவர் தம் குரலை இன்னொரு கைப்பேசியில் பதிந்துகொள்ளட்டும், நீங்கள் உங்கள் குரலைப் பதியுங்கள். அவர் காதில் ஹெட்போன் மாட்டாவிட்டால் உங்கள் குரல் அவருடைய பதிவிலும் விழும். தொடக்கத்தில் இருவரும் எண்ணி ஒரு கைதட்டு, முடிவில் இன்னொன்று: இரண்டு பதிவுகளையும் பொருத்த அது அடையாளம். பதிவை வட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அல்லாமல் ஆவணமாக (Document) அனுப்பச் சொல்லுங்கள்.

*விருந்தினர் ஒருவர் தோட்ட நிர்வாகத்தின் மீது குறை சொல்ல விரும்புகிறார். பெயரை மறைத்து ஒலிபரப்பலாமா?*
– வாசகி, தலவாக்கலை

பெயரை மறைப்பது மட்டும் போதவே போதாது. தோட்டத்தின் ஒரு டிவிசனில் (பிரிவில்) யாருடைய குரல் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். அவருக்கு ஆபத்து இருக்குமென்றால் அவர் சொன்னதை வேறொருவர் வாசிக்கட்டும். எந்த லயம், எத்தனை பிள்ளைகள் என்பன போன்ற அடையாளங்களையும் எடுத்துவிடுங்கள். இத்தகைய பேச்சை நேரடியாக ஒலிபரப்ப வேண்டாம். தாமே கண்டது எது, பிறர் சொல்லிக் கேட்டது எது என்று பிரித்துக் கேளுங்கள். நிர்வாகத்திடமும் பதில் கேட்டு அதே நிகழ்ச்சியில் சேருங்கள். ஒலிபரப்பாகும் வரை "வேண்டாம்" என்று சொல்லும் உரிமை விருந்தினருக்கு உண்டு. இதைப் பதிவுக்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

*காமன் (மன்மதன்) கதையை ஆடும் காமன் கூத்தின் மாஸ்டரை அழைத்திருக்கிறோம். தப்பு என்னும் பறையும் அடிப்பார்.*
– வாசகர், நுவரெலியா

பேச்சை முதலில் முடித்துவிட்டுத் தப்பைத் தனியாகப் பதியுங்கள். தோல் நுவரெலியாக் குளிரில் தொய்ந்துவிடும், நெருப்பில் காய்ச்சினால்தான் இறுகும். ஆகவே தப்பை வெளியில் வைத்துக்கொண்டு, நெருப்பு மூட்ட இடமும் நேரமும் கொடுங்கள். ஒலிவாங்கியை இரண்டு மீற்றர் தள்ளி வையுங்கள். மட்டம் பார்க்கும்போது பெரும்பாலோர் மெதுவாகத்தான் அடித்துக் காட்டுவார்கள். "கூத்தில் அடிக்கிற மாதிரியே அடிங்க மாஸ்டர்" என்று கேட்டு, அந்த அடிக்கு மட்டத்தை வையுங்கள்.