மழை வந்த பிறகும் தென்னை பட்டுப்போவது ஏன்?

கேள்வி: 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபோது எங்கள் தோப்பில் தென்னையும் மாவும் சேர்ந்தே வாடின. மறு ஆண்டு மழை பெய்ததும் மாமரங்கள் சில கிளைகளை இழந்தாலும் துளிர்த்துக்கொண்டன. தென்னைகளில் பல பட்டுப்போயின. நிலத்தில் ஈரம் வந்த பின்பும் மரம் சாவது எப்படி?
– ஒரு விவசாயி, ஆனைமலை

பதில்: அந்த ஆண்டு தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. மழை திரும்பி வேரடியில் ஈரம் சேர்ந்தபோது, அதைக் கொண்டைக்குக் கொண்டுசெல்லும் பாதை உங்கள் தென்னைகளில் பெரும்பாலும் அடைபட்டுப் போயிருக்கும்.

மரத்துக்குள் நீரை மேலே தள்ளும் பம்பு எதுவும் இல்லை. இலைத்துளைகள் வழியே நீர் ஆவியாகும்போது இலை தனக்குக் கீழே உள்ள நீரை இழுக்கிறது. நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொள்வதால், கிணற்றிலிருந்து கயிற்றை இழுப்பதுபோல, வேர் முதல் இலை வரை மரக்கட்டையில் உள்ள நுண்ணிய குழாய்கள் வழியே ஒரே இழையாக நீர் ஏறுகிறது. டப்ளின் நகரைச் சேர்ந்த டிக்சன், ஜாலி என்ற இருவர் 1890-களில் முன்வைத்த இந்த விளக்கத்தைத்தான் இன்றும் பெரும்பாலான அறிவியலாளர்கள் ஏற்கிறார்கள்.

மண் காயக் காய, மிச்சமுள்ள நீரை மண் துகள்கள் இறுகப் பிடித்துக்கொள்வதால் மரம் மேலும் வலுவாக இழுக்க வேண்டியிருக்கிறது. இழுவிசை ஓர் எல்லையைத் தாண்டும்போது, ஏற்கெனவே காற்று புகுந்துவிட்ட பக்கத்துக் குழாயிலிருந்து, சுவரில் உள்ள நுண்குழியின் சவ்வைக் கடந்து ஒரு காற்றுக்குமிழி உள்ளே வந்துவிடுகிறது. அது கணத்தில் விரிந்து நீரிழையை அறுக்க, அந்தக் குழாய் பயனற்றுப்போகிறது. எஞ்சிய குழாய்களின் மேல் சுமை கூட, அவையும் ஒவ்வொன்றாக அறுகின்றன. 81 இடங்களைச் சேர்ந்த 226 மர இனங்களை ஒப்பிட்டு 2012-இல் வெளியான ஆய்வு, அவற்றில் 70 விழுக்காடு இந்த எல்லைக்கு மிக அருகிலேயே வாழ்கின்றன என்று காட்டியது. மழைக்காட்டு மரங்களும் இதற்கு விலக்கல்ல என்பதுதான் என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்கிறது.

இனி மாவுக்கும் தென்னைக்கும் உள்ள வேறுபாட்டுக்கு வருகிறேன். மாமரத்தில் பட்டைக்கு அடியில் உள்ள வளர்படலம் புதிய மரக்கட்டையையும் அதனுடன் புதிய குழாய்களையும் உண்டாக்குகிறது. பழைய குழாய்கள் அடைத்தாலும், உயிர் பிழைத்த கிளை புதியவற்றைக் கொண்டு மீண்டுவிடும். தென்னைக்கு வளர்படலம் கிடையாது. தண்டு உருவானபோது அமைந்த குழாய்களே ஆயுள் முழுவதும் உழைக்க வேண்டும். உங்கள் தோப்பிலேயே இதற்குச் சான்று உண்டு: உயரமான தென்னையின் தண்டை அண்ணாந்து பாருங்கள், வறட்சி போன்ற நெருக்கடியில் வளர்ந்த பகுதி சிறுத்து ஒடுங்கியிருக்கும். பின்னர் எவ்வளவு மழை பெய்தாலும் அந்த இடம் பருப்பதில்லை.

அதனால்தான் தென்னை முன்னெச்சரிக்கையாகவே வாழ்கிறது. இலைத்துளைகளை மூடி, தண்டில் சேர்த்த நீரைச் செலவிட்டு, அடிமட்டைகளைத் தொங்கவிட்டுக் குருத்தைக் காக்கிறது. அதற்கு இருப்பது அந்த ஒரே வளர்முனை. அது காய்ந்தபின் வரும் மழையால் பயனில்லை. வறட்சியில் பிழைத்த மரங்களில் பின்னர் காய்ப்பு குறைந்தால் அவற்றை வெட்டிவிட அவசரப்படாதீர்கள். பாளையின் கரு உருவாகி, அது வெடித்து, காய் முற்றுவதற்குள் ஏறத்தாழ 44 மாதங்கள் ஆகின்றன. ஒரு கோடையின் அடி மூன்று ஆண்டுகள் கழித்தும் குலையில் தெரியும்.

மட்டைகள் தொங்கி, குரும்பைகள் கொட்டத் தொடங்கும்போதே, கிடைக்கும் நீரைச் சொட்டுநீராகக் கொடுங்கள். வட்டப்பாத்தியில் காய்ந்த மட்டைகளால் மூடாக்குப் போடுங்கள். உரிமட்டைகளைக் குழிந்த பக்கம் மேலே இருக்குமாறு புதைப்பதைப் பருவமழைத் தொடக்கத்திலேயே செய்ய வேண்டும், ஏனெனில் கோடையில் கொடுப்பதற்கு அவை மழையில் நனைந்து ஊறியிருக்க வேண்டும்.

கேள்வி: தாகத்தில் தாவரங்கள் ஒலி எழுப்பும் என்பது உண்மையா?
– ஒரு மாணவி, திண்டுக்கல்

பதில்: உண்மைதான். 1966-இல் மில்பர்ன், ஜான்சன் ஆகியோர் வாடும் ஆமணக்கு இலையில் அதிர்வுணர் கருவியைப் பொருத்தி, 'டிக்' என்ற தனித்தனி ஒலிகளைப் பதிவு செய்தார்கள். நீரிழை ஒன்று அறுவதன் ஒலியாக ஒவ்வொன்றையும் கொண்டார்கள். 2023-இல் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தினர் தக்காளி, புகையிலைச் செடிகளுக்குச் சற்றுத் தள்ளி ஒலிவாங்கிகளை வைத்தே, மனிதக் காதுக்கு எட்டாத இத்தகைய ஒலிகளைப் பதிவு செய்தார்கள். செடி வலியில் கதறுகிறது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம்; ஆனால் நீர் பாய்ச்ச வேண்டிய நேரத்தை அறிய இந்த ஒலிகள் உதவக்கூடும்.