இன்சூரன்ஸ் ஏஜென்ட் தொழிலில் வாடிக்கையாளருக்கு நேர்மையாக இருந்துகொண்டு குடும்பத்தையும் ஓட்ட முடியுமா?

கேள்வி கேட்டவர் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்க்கிறார். அதை விட்டுவிட்டு முழுநேர ஏஜென்ட் ஆகலாமா, ஆனால் கமிஷனுக்காக சொந்தக்காரர்கள் தலையில் பாலிசி கட்டியவன் என்ற பேர் வந்துவிடுமோ என்று யோசிக்கிறார். நான் கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பக்கத்தில் எல்ஐசி ஏஜென்ட். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முடியும். ஆனால் ஆரம்ப வருடங்களில் சோறு வேறு எங்கிருந்தாவது வர வேண்டும். எனக்குத் தையல் மிஷின் போட்டது. ஜாக்கெட் தைக்க வந்த பெண்கள்தான் என் முதல் வாடிக்கையாளர்கள். இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. வீட்டு வாடகை பாக்கியை மனதில் வைத்துக்கொண்டு ஒருவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தால், அவர்களுக்கு எது சரிப்படும் என்று மண்டை யோசிக்காது. எதில் கமிஷன் அதிகம் என்றுதான் யோசிக்கும். எவ்வளவு நல்ல மனசு இருந்தாலும் சரி.

கமிஷன் கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். எல்ஐசியில் நீண்ட கால எண்டோமென்ட் பாலிசிக்கு, அதாவது காப்பீட்டோடு சேமிப்பும் சேர்ந்த பாலிசிக்கு, முதல் வருடப் பிரீமியத்தில் 35% வரை கமிஷன் வந்துகொண்டிருந்தது. 2024 அக்டோபரில் அதை 28% ஆக்கி, அடுத்தடுத்த வருடப் பிரீமியங்களுக்கு வருகிற ரினியூவல் கமிஷனை 5 சதவீதத்திலிருந்து 7.5 ஆகக் கூட்டினார்கள். எங்கள் ஆட்கள் நிறையப் பேர் கத்தினார்கள். நான் பெரிதாக வருத்தப்படவில்லை. வருடம் 24,000 ரூபாய் கட்டுகிற ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் உங்களுக்கு 6,720 ரூபாய். அதன் பிறகு வருடத்துக்கு 1,800. அந்த வீடு 15 வருடமும் கட்டினால் ரினியூவல் மட்டுமே 25,200 ரூபாய் ஆகிறது. இரண்டாவது வருடமே நிறுத்திவிட்டால் 6,720 ரூபாயோடு உங்கள் கதை முடிந்தது, அந்தத் தெருவில் தலை காட்டவும் முடியாது. ஆக, அவர்களால் கடைசி வரை கட்ட முடிகிற பாலிசியைப் போடுவதுதான் நமக்கும் பிழைப்பு.

எவ்வளவு கட்ட முடியும் என்று எல்லா ஏஜென்ட்டும் கேட்பார்கள். எந்த மாதம் கட்ட முடியும் என்று கேட்கிறவர்கள் குறைவு. எங்கள் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் கையில் காசு புரள்வது மே, ஜூன், ஜூலையில்தான். பெங்களூரா ரக மாங்காய் கூழ் ஃபேக்டரிக்குப் போய் மண்டியில் கணக்கு தீர்ந்தால் காசு வரும். ஜனவரியில் டியூ, அதாவது பிரீமியம் கட்ட வேண்டிய தேதி, வைத்துவிட்டு அப்போது போய் நின்றால் மருந்தடிக்கவே கடன் வாங்கிக்கொண்டிருப்பார்கள். மார்ச் மாத டார்கெட்டுக்காக அவசரமாகப் போட்ட பாலிசிகள் அடுத்த வருடம் கட்ட முடியாமல் லேப்ஸ் (காலாவதி) ஆவது இப்படித்தான். ஜனவரியில் பாலிசி போட்டாலும் அதே நிதியாண்டுக்குள் முந்தைய ஜூன், ஜூலையில் தொடங்கியதாகத் தேதி போட்டு, அந்த மாதத்தில் டியூ வரும்படி செய்யலாம். கொஞ்சம் வட்டி கேட்பார்கள், அடுத்த டியூவும் ஐந்தாறு மாதத்திலேயே வந்துவிடும். இரண்டையும் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால் காய் அறுக்கும் வரை காத்திருங்கள். பால் ஊற்றுகிற வீடுகள் வேறு மாதிரி. அங்கே மாதா மாதம் பேங்கிலிருந்து தானாகப் பிடிக்கிற மாதிரி வைத்துவிட்டால் தொல்லை இல்லை.

2025 சீசனில் பெங்களூரா விலை படுத்தது. அந்த வருடம் ஜூன் மாத டியூ வைத்தவர்களுக்கும் திண்டாட்டம்தான். டியூ தேதிக்குப் பிறகும் கட்ட 30 நாள் கிரேஸ் (அவகாசம்) இருக்கிறது என்று நினைவுபடுத்தினேன். பழைய பாலிசியை சரண்டர் செய்கிறேன், பாதியிலேயே முடித்துக் காசு வாங்கிக்கொள்கிறேன் என்று வந்தவர்களுக்கு அதன் மேல் லோன் எடுக்க வழி காட்டினேன். இந்த ஓட்டத்துக்கெல்லாம் யாரும் படி தருவதில்லை. ஆனால் அந்த ரினியூவல்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

அடுத்தது டேர்ம் பாலிசி. காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம், இருந்தால் போட்ட காசு திரும்பாது. சிப்காட்டில் வேலை பார்க்கிற, வீட்டுக்கடனும் சின்னப் பிள்ளைகளும் உள்ள ஒருவருக்கு முதலில் வேண்டியது அதுதான். பிரீமியம் குறைவு, கமிஷனும் அதற்கேற்ற மாதிரிதான். டேர்ம் மட்டும் விற்று எங்கள் ஊரில் ஒரு குடும்பம் நடத்த முடியாது, இதை மழுப்ப வேண்டியதில்லை. மக்களும் "போட்ட காசு திரும்பி வராதாக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். நான் இரண்டையும் எடுத்து வைப்பேன். டேர்ம் பெரிதாக, சேமிப்பு பாலிசி அவர்கள் தாங்குகிற அளவுக்குச் சின்னதாக. ஐம்பதாயிரம் கட்டுகிறேன் என்பவரை இருபதாயிரத்துக்கு இறக்கிய நாளில் வயிறு எரியத்தான் செய்யும். எரியாது என்று சொல்கிற ஏஜென்ட்டை நான் நம்ப மாட்டேன்.

"முதல் பிரீமியத்தில் பாதியை நீங்க போடுங்க" என்று கேட்பார்கள், தயாராக இருங்கள். ஒரு தோப்புக்காரர் என்னிடம், "மண்டிக்காரன் எனக்குக் கிலோவுக்குக் குறைக்கிறான், நீ எனக்குக் கமிஷன்ல குறை" என்றார். நியாயமாகத்தான் தெரியும்! ஆனால் 1938 இன்சூரன்ஸ் சட்டம் 41-வது பிரிவின்படி அது குற்றம். பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் போட இடமிருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், பாதி காசை நீங்கள் கட்டி எடுத்த பாலிசியை அவர் ஏன் இரண்டாம் வருடம் கட்டப்போகிறார்? அதே மாதிரி, டியூவுக்குக் கைக்காசு போட்டுக் கட்டிவிட்டு அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று ஆரம்பிக்காதீர்கள். நீங்கள் வட்டியில்லாத பைனான்ஸ் ஆகிவிடுவீர்கள். உங்களைக் கண்டாலே சந்துக்குள் திரும்பிவிடுவார்கள்.

சேவை என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது கிளைம். எங்கள் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர் தொப்பூர் கணவாயில் விபத்தில் இறந்துவிட்டார். காரியம் முடிந்து போனேன். அவர் மனைவி ஒரு மஞ்சப்பையைக் கொண்டுவந்து பாயில் கொட்டினாள். ரேஷன் கார்டு, பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, நகைக்கடன் ரசீதுகள், நடுவில் நாலாக மடித்த பாலிசி பாண்டு (பத்திரம்). பாண்டில் ஒரு பெயர், ஆதாரில் அதே பெயர் இரண்டு எழுத்து நீண்டு. மரணச் சான்றிதழ், எஃப்.ஐ.ஆர்., போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், அவளுடைய பாஸ்புக் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, பெயர் விவகாரத்தைத் தீர்த்து, பணம் வர நாளானது. அந்த வேலைக்குக் கமிஷன் ஒரு பைசா கிடையாது. அந்த வீட்டில் அப்போது நான் புதுப் பாலிசி பேச்சும் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு பாலிசி போடுகிற எல்லோருடைய பெயரையும் ஆதாரோடு எழுத்து எழுத்தாகச் சரிபார்க்கிறேன், பணம் வாங்கவேண்டிய நாமினி பெயரையும் சேர்த்து.

இன்னொன்று, சுகர். "சுகர் இருக்குன்னு எழுதினா பிரீமியம் ஏறும், விட்டுடுங்க" என்பார்கள். விடாதீர்கள். முதல் மூன்று வருடத்துக்குள் ஏதாவது ஆனால் மறைத்ததைக் காட்டி கிளைமை மறுக்க அதே இன்சூரன்ஸ் சட்டத்தின் 45-வது பிரிவு இடம் கொடுக்கிறது. மறுத்தால் அந்தக் குடும்பம் கேட்கப்போவது உங்களைத்தான். இதற்காக நான் சில பாலிசிகளை விட்டிருக்கிறேன், வேறு ஏஜென்ட் போட்டுக்கொண்டு போனார்.

சரி, உங்கள் விஷயம். பத்தாவது பாஸ், 25 மணி நேரப் பயிற்சி, பரீட்சையில் 35% மார்க், இவ்வளவுதான் நுழைவு. வேலையை இப்போது விடாதீர்கள். உங்கள் கம்பெனி வெளித்தொழிலை அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள். அனுமதி இல்லையென்று மனைவி பெயரில் ஏஜென்சி எடுத்து நீங்கள் ஓடாதீர்கள். அவருக்கு விருப்பம் இருந்தால் அவரே பயிற்சி முடித்து, அவரே தொழில் செய்யட்டும். பெண்கள் நுழைய முடிகிற அடுப்படிகள் ஆண் ஏஜென்ட்டுக்குத் திறக்காது. நீங்களே செய்வதாக இருந்தால் வார லீவில் போச்சம்பள்ளி சந்தைக்குப் போய் நாலு பேரிடம் பழகுங்கள். புது பிசினஸ் ஒன்றுமே வராத மாதத்திலும் ரினியூவல் கமிஷன் மட்டும் உங்கள் வாடகையையும் மளிகையையும் தாங்குகிறதா என்று பாருங்கள். ஒரு வருடம் முழுக்க அப்படித் தாங்கினால் ராஜினாமா கடிதம் எழுதலாம்.