கூட்டம் வந்த உணவகம்கூட சில வருடங்களில் ஏன் மூடப்படுகிறது?

ருசியும் இருந்து கூட்டமும் வந்த உணவகங்கள் ஏன் நிலைப்பதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். உணவகங்களுக்குக் கணக்கு பார்ப்பது என் வேலை. நான் பார்த்தவரை சாப்பாடு சரியில்லாமல் மூடியவை குறைவு. கல்லாவில் இருக்கும் பணத்தில் தன்னுடையது எவ்வளவு என்று முதலாளிக்குத் தெரியாமல் போய் மூடியவைதான் அதிகம்.

பத்தில் ஒன்பது உணவகங்கள் முதல் வருடத்திலேயே மூடிவிடும் என்று பலரும் சொல்வார்கள், அது உண்மையில்லை. ஆய்வாளர் எச்.ஜி. பார்சாவும் உடன் இருந்தவர்களும் அமெரிக்காவின் கொலம்பஸ் நகரத்து உணவகங்களை ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட கட்டுரையில், முதல் வருடத்தில் மூடியவையோ கைமாறியவையோ ஏறக்குறைய 26 சதவீதம்தான். ஆனால் மூன்று வருடம் ஆவதற்குள் அது 60 சதவீதத்தை நெருங்கிவிட்டது. அதாவது முதல் வருடத்தைத் தாண்டியவர்களும் தப்பித்துவிடவில்லை.

சரி, விற்பனை 100 என்று வைத்துக்கொள்வோம். சரக்குக்கு ஏறக்குறைய 30, சம்பளத்துக்கு இன்னொரு 30, வாடகைக்கு 6 முதல் 10, அப்புறம் மின்சாரம், எரிவாயு, பழுதுபார்ப்பு, வரி, விளம்பரம் என்று போய், கடைசியில் 3 முதல் 5 மிஞ்சினாலே நன்றாக நடத்துகிறார்கள் என்று சொல்லலாம். சமையல்காரர் கை கொஞ்சம் தாராளமாகி, வாங்கிய காய்கறியில் கொஞ்சம் அழுகி, சரக்குச் செலவு 30லிருந்து 34 ஆனால் மிஞ்ச வேண்டியது கிட்டத்தட்ட முழுக்கப் போய்விடும். வாசலில் வரிசை நிற்கும்போது இந்த நாலு யார் கண்ணுக்கும் தெரியாது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதற்கு அடுத்தது. சாப்பிட்டவர் பணத்தை உடனே கொடுத்துவிடுகிறார், ஆனால் சரக்கு போடுபவருக்கு இரண்டு வாரமோ ஒரு மாதமோ கழித்துத்தான் கொடுக்கிறோம், சம்பளம் மாதக் கடைசியில், வசூலித்த வரியை அரசுக்குக் கட்டுவது அதற்கும் பிறகு. அதனால் விற்பனை ஏறிக்கொண்டே இருக்கும்வரை, நஷ்டத்தில் ஓடும் உணவகத்தில்கூட கையில் பணம் புரளும். அந்தப் பணம் ஊரார் பணம். அதை லாபம் என்று நம்பி உள்அலங்காரத்தை மாற்றுகிறார்கள், வண்டி வாங்குகிறார்கள், இரண்டாவது கிளைக்கு முன்பணம் கொடுக்கிறார்கள். பிறகு ஏதோ ஒரு மாதம் விற்பனை கொஞ்சம் இறங்குகிறது. புதுக்கடை மோகம் தணிந்தால் எங்கேயும் இறங்கத்தான் செய்யும். இன்றைக்கு வரும் பணம் குறைவு, ஆனால் கொடுக்க வேண்டிய பாக்கியோ நன்றாக விற்ற போன மாதத்துடையது. சரக்கு போடுபவர் இனிமேல் கையில் காசு கொடுத்தால்தான் சரக்கு என்கிறார், அதோடு மூச்சு நின்றுவிடுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு 'போன வாரம்கூட கூட்டம் இருந்ததே' என்று தோன்றும்.

வருடங்கள் போகப் போகச் சேரும் செலவுகளும் உண்டு. குளிர்பதனப் பெட்டி, அடுப்பு, புகைபோக்கி எல்லாம் ஒரே நேரத்தில் வாங்கியவை, அதனால் பழுதாவதும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில்தான். தேய்மானத்துக்கென்று மாதாமாதம் ஒதுக்கி வைப்பவர்கள் ரொம்பக் குறைவு. வாடகை ஒப்பந்தம் முடியும்போது, அந்த இடத்துக்கு மதிப்பு கூடியதே இந்த உணவகத்தால்தான் என்றாலும், உயர்ந்த வாடகையைக் கட்ட வேண்டியதும் இவர்தான். உணவு டெலிவரி செயலி வழி வரும் ஆர்டர்களுக்கு அந்தச் செயலி நிறுவனத்துக்குக் கொடுக்கும் கமிஷன் 15 முதல் 30 சதவீதம் வரை போகிறது. 5 மிஞ்சும் தொழிலில் 30 கொடுத்து விற்பதை நான் விற்பனை என்றே எடுத்துக்கொள்வதில்லை, அதற்குத் தனி விலையோ தனி மெனுவோ இல்லாவிட்டால்.

இன்னொன்று, பணத்தைப் பற்றிப் பேசும்போது விட்டுப்போவது: உடம்பும் குடும்பமும். பார்சா குழு உணவகக்காரர்களைப் பேட்டி கண்டபோதும் குடும்பத்துக்கு நேரம் இல்லாதது முக்கியமான காரணமாக வந்தது. மற்றவர்களுக்கு விடுமுறை என்றால் இவர்களுக்கு அன்றுதான் அதிக வேலை, வருடக்கணக்கில். சோர்ந்துபோனவர் முதலில் நிறுத்துவது சரக்கு இருப்பை எண்ணிப் பார்ப்பதைத்தான். அதை நிறுத்திய பிறகு அந்த 34 எப்போது 37 ஆனது என்று சொல்ல ஆள் இருக்காது.

அதனால் என்னிடம் வருபவர்களை இரண்டு காரியம் செய்யச் சொல்வேன். வரிப் பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் தினமும் போட்டுவிடுங்கள், சரக்கை வாரம் ஒரு முறை எண்ணுங்கள். இரண்டாவது கிளை பற்றி யாராவது பேச்செடுத்தால், எல்லாருடைய பாக்கியையும் இன்றைக்கே தீர்த்தால் கையில் எவ்வளவு மிஞ்சும் என்று கேட்பேன். அதற்கு உடனே ஒரு எண் வரவில்லை என்றால் கிளையைப் பற்றி அன்றைக்குப் பேசுவதில்லை.